பூஜைத் தண்ணீரும் மூன்றாவது கோடும்

அன்புள்ள யமுனா,

நீ அனுப்பிய இரண்டு போட்டோக்களும் கிடைத்தன. வந்த நேரம்தான் சரியில்லை. போன வாரம் அம்மா உனக்கு அனுப்பிய இரண்டு மாப்பிள்ளை போட்டோக்களுக்கு இன்னும் பதில் வரவில்லையே என்று அவள் என்னைக் குடைந்துகொண்டிருந்தாள். பதில் போடாதது நீ, திட்டு வாங்கியது நான். அந்த நேரம் பார்த்து போன் சத்தம் போட்டது. ஆவலாக எடுத்தவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். இரண்டும் விமான என்ஜினின் சூட்டைக் காட்டும் மானிட்டர். "ஏனுங்க, நான் ரெண்டு பையனை அனுப்புனேன், உங்க பொண்ணு ரெண்டு மெசினை அனுப்பிக் கேக்குறா, எது நல்லாருக்குன்னு. இவளை நான்தான் பெத்தனா?" என்றாள். நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அன்றைக்கு இரவு மத்திகிரியில் எங்கள் வீட்டில் மட்டும் குழம்பில் உப்பு இல்லை.

போட்டோவுக்குக் கீழே நீ எழுதியிருந்ததைப் பிறகு தனியாக உட்கார்ந்து படித்தேன். "எதை வாங்கறதுன்னு சொல்லுங்கப்பா. அதைவிட, நீங்க ஒரு வாரம் லீவு போட்டுட்டு வந்து உங்க கையால மாட்டிக் குடுத்துட்டுப் போங்க. இங்க சலீம் பாய் நல்லவர்தான், ஆனா அவர் தொட்ட என்ஜினை நம்பி மேல போறப்ப காது என்ஜின் சத்தத்துலயே கெடக்குது." இதை நான் நாலைந்து தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது பெருமையாக இருந்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹேங்கரில் என்னோடு ஸ்பேனர் பிடிக்கிற மஞ்சுநாத்திடம் காட்டவும் செய்தேன். கடைசித் தடவை படித்தபோதுதான் பெருமை இறங்கி, கவலை ஏறியது. அதனால்தான் போனில் சொல்லாமல் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கி "சாப்பிட்டியா சாமி?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

முதலில் மெஷின். நீ படித்தவள், உனக்குத் தெரிந்ததையே நான் திருப்பிச் சொல்வது போல இருக்கும், பொறுத்துக்கொள். உங்கள் விமானப் பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒரே ஒரு பழைய நாலு சீட்டு விமானம் என்கிறாய். அதில் இப்போது இருப்பது முள் காட்டுகிற பழைய மானி. என்ஜினில் நாலு சிலிண்டர் இருந்தாலும் அந்த முள் ஒரே ஒரு சிலிண்டரின் சூட்டைத்தான் சொல்லும். மற்ற மூன்றும் என்ன கூத்தடிக்கின்றன என்று அதற்குத் தெரியாது. ஒரு வீட்டில் மூத்த பிள்ளையை மட்டும் விசாரித்துவிட்டு, குடும்பமே சௌக்கியம் என்று எழுதி அனுப்புவது போன்றது அது. புது மானிட்டர் நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக இரண்டிரண்டு சென்சார் ஊசி வைக்கிறது. ஒன்று சிலிண்டரின் தலைச் சூட்டைப் பார்க்கும், இன்னொன்று அதன் புகைக்குழாய்க்குள் இருந்து வெளியேறும் காற்றின் சூட்டைப் பார்க்கும். நீ அனுப்பிய இரண்டுமே இதைச் செய்கின்றன. அந்த மட்டில் இரண்டுமே நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

பெரிய கலர் ஸ்கிரீன் உள்ளதன் மேல்தான் உனக்கு மனசு என்று போட்டோ எடுத்த அழகிலேயே தெரிகிறது. சின்னதை ஏதோ கடமைக்கு எடுத்திருக்கிறாய், உன் கட்டைவிரல்கூட அதில் விழுந்திருக்கிறது. எனக்குப் பெரியதன் மேல் பகை இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன் அதைக் கையில் வாங்கி, உச்சி வெயிலில் ஓடுதளத்துக்குக் கொண்டுபோ. நீ பறக்கும்போது போடுகிற அதே கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு பார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார். சில கூலிங் கிளாஸுக்கும் சில ஸ்கிரீனுக்கும் ஜென்மப் பகை, ஒரு கோணத்தில் மொத்த ஸ்கிரீனும் கறுப்பாகிவிடும். கடையில் ஏசி அறைக்குள் பார்த்து எடுத்த புடவை வெளியே வந்ததும் வேறு நிறமாக இருக்கிறதே என்று அம்மா அலுத்துக்கொள்வாள் இல்லையா, அதே கதைதான். பிறகு, பழைய மானிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க அனுமதி இருக்கிறதா, இல்லை கூடுதலாக மட்டும்தான் வைக்கலாமா என்று கேள். கழற்ற அனுமதி இருந்தாலும், இடம் இருக்கிறவரை எண்ணெய் அழுத்தம் காட்டும் அந்தப் பழைய முள்ளைக் கழற்றாதே. நினைவிருக்கிறதா, இங்கே பேரிகைக்கு மேலே நீ பறந்துகொண்டிருந்தபோது ஸ்கிரீனில் எண்ணெய் அழுத்தம் திடீரென்று பூஜ்யம் என்று வந்ததே? கீழே நான் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹேங்கரை விட்டு வெளியே ஓடி வானத்தைப் பார்த்தேன். நீ மட்டும், "ஸ்கிரீன் சீரோ காட்டுது, பழைய முள் அசையாம நிக்குது, எண்ணெய்ச் சூடும் ஏறலை, எதுக்கும் திரும்பி வர்றேன்" என்று காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாய். இறங்கிய பிறகு பார்த்தால் சென்சாரின் வயர் கழன்றிருந்தது. ஒரு சாட்சியை வைத்து யாரையும் தூக்கில் போடாதே என்பார்கள். அன்றைக்கு நீ மூன்று சாட்சிகளை விசாரித்தாய். எனக்கு அந்த நிதானம் வர இன்னொரு பிறவி எடுக்க வேண்டும்.

அடுத்தது அலாரம். இதற்கு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைவிட நல்ல பாடம் கிடையாது. "தண்ணீர் நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்" என்று ஒரு பெண் குரல் சொல்லுமே, அதை ஆசையாக வாங்கி மாட்டியது நான்தான். தண்ணீர் நிரம்பும் முன்பே எச்சரிக்கட்டும் என்று கெட்டிக்காரத்தனமாக அதன் கம்பியை ரொம்பக் கீழே இறக்கிவைத்தேன். தொட்டியில் பாதி ஏறியதுமே அவள் கத்த ஆரம்பித்துவிடுவாள். மோட்டார் போடாத நேரத்திலும் கத்துவாள். அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு பேச முடியாமல், "இவ ஒருத்தி, எந்நேரமும் நிரம்பிருச்சு நிரம்பிருச்சுன்னு உசுரை வாங்கறா" என்று ஒருநாள் வயரைப் பிடுங்கிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டாரைப் போட்டுவிட்டு நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வடகம் முழுக்க நம் தண்ணீரில் மிதந்தது. அந்த அம்மாள் தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் தொடர்ந்து, எனக்குச் சரியாகப் புரியவேண்டுமென்று தமிழில் முடித்தார். ஆக, மானிட்டரில் அலாரத்தின் எல்லையை நீயே வைத்துக்கொள்ள முடியுமா என்று பார். ரொம்பக் கீழே வைத்தால் அது நாள் முழுக்கக் கத்தும், நீ அதன் வாயை அடைத்துவிடுவாய், நிஜமாகக் கத்தவேண்டிய நாளில் கேட்க ஆள் இருக்காது. உன் என்ஜின் நன்றாக இருக்கும்போது எவ்வளவு சூட்டில் ஓடுகிறது என்று முதலில் சில வாரம் பார்த்துப் பழகிக்கொள். அதற்குப் பிறகு எல்லையை வை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, தன் பங்குக்கும் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறாள். அவள் வேலை பார்க்கும் ரோஜாப் பண்ணையில் பூக்களை அடுக்கி வைக்கும் குளிர் அறைக் கதை. அந்தக் கதவின் மேலிருக்கும் மீட்டர் நாலு நாளாக நாலு டிகிரி, நாலு டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்ததாம். எல்லோருக்கும் சந்தோஷம். இவளுக்கு மட்டும் சந்தேகம். "கதவைத் தெறந்து பத்து பேரு போறோம், வர்றோம். அப்பக்கூட ஒரு புள்ளி ஏறலைன்னா அது பாக்கவே இல்லைன்னு அர்த்தம். உசுரு இருக்கறது எதுவும் அசையாம இருக்காது. இதையும் அவளுக்கு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். ஸ்கிரீனில் ஏறுகிற எண்ணுக்குப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அசையவே அசையாத எண்ணைச் சந்தேகப்பட அம்மாவைப் போன்ற ஆள் வேண்டும். அந்த மாப்பிள்ளை போட்டோக்களில் ஒருவன் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி சிரிக்கிறான், அவனை வேண்டாம் என்று நான் சொன்னதற்கும் இதுதான் காரணம். அதை மட்டும் அவள் ஏற்கவில்லை.

இனி, நீ கேட்ட இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். என் கையால் மாட்டித் தரவேண்டும் என்கிறாய். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் போன ஆயுத பூஜையை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். நீ அங்கே கிளம்பிப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்ததுதான், மறந்திருக்க மாட்டாய். ஆனால் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி இதுவரை உட்கார்ந்து பேசியதே இல்லை.

ஓசூரில் ஆயுத பூஜைக்குக் கழுவாத இயந்திரம் உண்டா? லேத்திலிருந்து லாரி வரை எல்லாம் அன்றைக்குக் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். நம் ஹேங்கர் மட்டும் விதிவிலக்கா? முதல் நாளே விமானத்தின் என்ஜின் மூடியைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போகக் கழுவி, மறுநாள் சந்தனம், குங்குமம், காற்றாடிக்குச் சாமந்தி மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லோருக்கும் பொரி, கடலை, சுண்டல். பூசணிக்காயை மட்டும் ஓடுதளத்துப் பக்கம் உடைக்காமல் வாசல் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் உடைப்போம், சில்லு பறந்து என்ஜினுக்குள் போய்விடக் கூடாதே என்று. எவ்வளவுதான் பாலிதீன் பை போட்டு மூடினாலும் சென்சார் இணைப்புகளில் எங்கேயாவது ஒரு சொட்டுத் தண்ணீர் போய்விடும். பூஜைக்கு மறுநாள் மானிட்டரில் ஏதாவது ஒரு கோடு பேய் பிடித்த மாதிரி ஆடும். வெயிலில் நிறுத்தினால் மத்தியானத்துக்குள் காய்ந்து சரியாகிவிடும். வருஷா வருஷம் நடப்பதுதான். அதற்கு ஹேங்கரில் பெயரே உண்டு, பூஜைத் தண்ணீர்.

அந்தத் தடவையும் பூஜைக்கு மறுநாள் காலையில் ஓடுதளத்துக்கு மேலேயே ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினாய். மத்தியானம் ஒரு மாணவனை அழைத்துக்கொண்டு அஞ்செட்டிப் பக்கம் போய்வரவேண்டிய நாள். கீழே காடும் மலையும்தான், அவசரத்துக்கு இறக்க ஒரு முழம் சமதரை கிடையாது. இறங்கி வந்து, "அப்பா, மூணாவது சிலிண்டர் புகைக்குழாய்ச் சூடு சரியில்லை" என்றாய். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மஞ்சுநாத் வாயில் பொரியோடு, "ஒணகுத்தெ பிடி மேடம்" என்றான், காய்ந்துவிடும் விடுங்கள் என்று. நானும் அதையேதான் சொன்னேன். நீ நகரவில்லை. சரி, இவள் மனசு ஆறட்டும் என்று என்ஜினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டேன். என் காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "தங்கமாட்டம் ஓடுது. கழுவுனது நானு, தண்ணி போனதும் எனக்குத் தெரியும், காயறதும் தெரியும். நீ ஸ்கிரீனைப் பாத்துத்தான் ஓட்டுவியா, வெளிய பாத்து ஓட்டுவியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். என் தொண்டை உனக்குத் தெரியும், ஓடுதளத்தின் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும்.

நீ கத்தவில்லை. அதற்கு முந்தின வருஷப் பூஜைக்கு மறுநாள் மானிட்டர் பதிவு செய்து வைத்திருந்த கோட்டை லேப்டாப்பில் எடுத்து, இன்றைய கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். "பாருங்கப்பா. அன்னிக்குத் தண்ணி போனப்ப கோடு தவ்வுச்சு. வெட்டுக்கிளி மாதிரி மேலயும் கீழயும். இது தவ்வலை. மெதுவா ஏறி மெதுவா இறங்குது. மூச்சு விடுது. தண்ணி மூச்சு விடுமா?" என்றாய். பதில் தெரியாதபோது அப்பாக்கள் என்ன செய்வார்கள்? இன்னும் கொஞ்சம் கத்துவார்கள். நானும் கத்தினேன். நீ மாணவனிடம் போய், "இன்னிக்குப் பறக்கலைடா, போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்து, ஊசியை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னாய்.

அந்த முறை நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நான்தான் உனக்கு அதைக் காட்டியதும். மூன்றாவது குழாயில் இருக்கும் ஊசியைக் கழற்றி நாலாவதில் போடு, நாலாவதை மூன்றாவதில் போடு. ஆட்டம் அதே மூன்றாவது கோட்டில் இருந்தால் கெட்டது ஊசி, இல்லையென்றால் வயர். ஆட்டம் நாலாவது கோட்டுக்குத் தாவிவிட்டால் நோய் சிலிண்டரில் இருக்கிறது. மஞ்சுநாத் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். பிறகு குழம்பிவிடக் கூடாதென்று பூஜைத் தாம்பாளத்திலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து மூன்றாவது ஊசியின் வயரில் கட்டினான். விமானத்தைக் கட்டிப்போட்டு என்ஜினை மறுபடி ஓட்டினோம். நீ உள்ளே ஸ்கிரீன் முன்னால், நான் வெளியே இறக்கைக்குப் பக்கத்தில். கண்ணாடி வழியே நீ நாலு விரலைக் காட்டினாய். ஆட்டம் நாலாவது கோட்டுக்குத் தாவியிருந்தது; என்ஜினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

என்ஜின் ஆறிய பிறகு மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தோம். புகை வெளியேறும் வால்வு ஒரு ஓரத்தில் மட்டும் நிறம் மாறிக் கிடந்தது, ஒரு பக்கம் தீய்ந்த தோசை மாதிரி. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மாதம் தாங்கியிருக்கலாம். அன்று மத்தியானம் அஞ்செட்டிக் காட்டுக்கு மேலே உடைந்திருக்கலாம். மஞ்சுநாத் கேமராவை இரண்டாம் முறை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எஞ்சிய பொரியை அப்படியே மடித்து வைத்துவிட்டான். அவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் கை கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் நின்றேன். நீ வந்து தேடவில்லை. அதற்கு உனக்கு நன்றி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "என்ஜின்ல சின்ன வேலை, அதான் பறக்கலை" என்று மட்டும் சொன்னோம். அவளும் சரி என்றாள். இந்தக் கடிதத்தை இப்போது அவள் படித்துக்கொண்டிருப்பதால் அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. குழம்பில் இன்னும் ஒரு வாரத்துக்கு உப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

இப்போது சொல், யமுனா. என் கை தொட்ட என்ஜின் என்றால் நம்பிப் போவேன் என்கிறாயே, அன்றைக்கு அந்த என்ஜினைத் தொட்டது யார் கை? கழுவியது நான், மூடியை மூடியது நான், காதை வைத்துக் கேட்டு நற்சான்று கொடுத்தது நான். அந்தக் கையை மட்டும் நம்பியிருந்தால் நான் இன்றைக்கு யாருக்குக் கடிதம் எழுதுவேன்? நீ பிழைத்தது என் கையால் இல்லை. அப்பாவாகவே இருந்தாலும் கேட்டுப் பார்க்கிற உன் குணத்தால். அந்த மெஷினும் தானாக உன்னைக் காப்பாற்றவில்லை. அதே ஸ்கிரீனை நானும்தான் பார்த்தேன், மஞ்சுநாத்தும் பார்த்தான். எங்களுக்குப் பதில் முன்கூட்டியே தெரிந்திருந்ததால் நாங்கள் பார்த்தும் பார்க்கவில்லை. வருஷா வருஷம் தண்ணீராக இருந்தது என்பதால் இந்த வருஷமும் தண்ணீர்தான் என்று இருந்துவிட்டோம்.

சலீம் பாயைப் பற்றி நீ எழுதியிருந்ததையெல்லாம் யோசித்தேன். கையைத் துடைத்த துணியிலேயே முகத்தையும் துடைக்கிறார், ஸ்கிரீனைவிடத் தன் காதைத்தான் நம்புகிறார், எதைக் கேட்டாலும் "ஃபிக்கர் மத் கரோ பேட்டி" என்கிறார், அதாவது கவலைப்படாதே மகளே என்று. படித்துக் காட்டியபோது அம்மா, "இது யாரு, உங்களையே இந்தியில எழுதியிருக்கா" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. என்னோடு குப்பை கொட்டியவளுக்கு அவரோடு குப்பை கொட்டுவதா கஷ்டம்? நான் அங்கே வந்து ஒரு வாரத்தில் மெஷினை மாட்டிவிட்டு ஊர் திரும்பினால் என்ன ஆகும் தெரியுமா? அது என் மெஷின் ஆகிவிடும். அதில் ஒரு கோடு ஆடினால் அவர், "உன் அப்பா மாட்டியது, அவரையே கேள்" என்பார். நீ எனக்குப் போன் போடுவாய். நான் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காத என்ஜினுக்கு வைத்தியம் சொல்லுவேன். பக்கத்தில் நிற்கிற மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். வேண்டாம். இரண்டு போட்டோவையும் அவரிடம் காட்டு. எந்த மெஷினுக்கு ஊசி கெட்டால் அந்த ஊரில் சீக்கிரம் கிடைக்கும், எதை மாட்ட அவருக்குக் கை வரும் என்று அவரைக் கேள். அவர் சொல்வதை வாங்கு. மாட்டும்போது நீயும் பக்கத்தில் நின்று, எந்த வயர் எந்தச் சிலிண்டருக்குப் போகிறது என்று பார்த்துக்கொள். தினமும் பறந்து இறங்கியதும் பதிவான கோடுகளை எனக்கு அனுப்பாதே, அவரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார். அவரும் ஒருநாள் உன்மேல் கத்துவார். கத்தட்டும். நீ லேப்டாப்பைத் திறந்து வை.

நான் வரவே மாட்டேன் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. வருகிறோம், நானும் அம்மாவும். ஆனால் வேலைக்கு இல்லை. உனக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். இத்தனை வருஷம் விமானத்தோடு கிடந்தவன் நான். என் கையால் பார்க்காத விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அம்மா காசிக்கு விமானத்தில் போகலாம் என்று ஆசைப்பட்டபோது டிக்கெட் விலை அதிகம் என்று சொல்லி ரயிலில் கூட்டிப்போனேனே, அது பொய். எனக்குப் பயம். யார் மூடிய மூடியோ, யார் முறுக்கிய நட்டோ என்று. ரயிலில் மூட்டைப்பூச்சியோடு போய் வந்தோம், பாவம், அவள் வழியெல்லாம் சொறிந்துகொண்டே என் சிக்கனத்தைப் புகழ்ந்தாள். இந்தத் தடவை அவளே பெங்களூரிலிருந்து விமான டிக்கெட் எடுத்துவிட்டாள். இப்போது இதையும் எட்டிப் படித்து உண்மை தெரிந்ததும் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி எடுத்துவிட்டாள் என்று சொல்வதுதான் சரி.

பொங்கல் முடிந்து வருகிறோம். அம்மா அதிரசம், முறுக்கு, அப்புறம் மூன்றாவதாக இன்னொரு மாப்பிள்ளை போட்டோ எல்லாம் கொண்டுவருவாள், எச்சரித்துவிட்டேன். வந்த மறுநாள் காலையில் புது மானிட்டர் போட்ட உன் விமானத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போ. நான் ஹேங்கருக்குள் முன்கூட்டியே போய் நோட்டம் விடமாட்டேன். சலீம் பாயிடம் ஒரு கேள்வி கேட்கமாட்டேன், அவருக்கு வணக்கம் சொல்லி, ஒரு பொட்டலம் முறுக்கைக் கொடுப்பேன், அவ்வளவுதான். என்ஜின் மூடியைத் திறக்கச் சொல்ல மாட்டேன். நேராக வந்து உன் வலது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் திணறுவேன், பழக்கமில்லை பார். அதைக் கண்டுகொள்ளாதே. என் பெல்ட்டை மட்டும் நீ ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளப்பு.

அன்புடன்,
அப்பா